இழவு கேட்க வந்தவர் படலம்

களத்தில் யானையை வீழ்த்தியவரைப் பாடப் புலவர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி, சிரிக்கமாட்டாத மூன்று பெண்களைச் சிரிக்கவைக்கப் புறப்பட்ட ஒருத்தியைப் பாட எவரும் முன்வரவில்லை என்னும் பழி இனித் தமிழுக்கு வேண்டாம். கடற்காற்று உப்புத் தடவிச் சுவரை உரிக்கும் புதுச்சேரிப் பட்டணத்தில், பிரெஞ்சுக் கொடி இறங்கி ஐந்தாண்டுகள் ஆகியிருந்த காலத்தில், மிஷன் வீதியிலிருந்து கிளைக்கும் ஒரு குறுஞ்சந்தில் வாழ்ந்தவளும், முப்பத்தாறு பிராயத்தவளும், ஊசி பிடித்துக் காய்த்த விரலினளும், யாருமில்லாத வீட்டில் தனியே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அரிய வரத்தைப் பெற்றவளுமாகிய இருதயமேரியே, முதற்கண் உன்னை வணங்குகிறோம். உன் தோல்விகளை ஒளிக்காமலும் உன் வெற்றியை மிகைப்படுத்தாமலும் சொல்ல எங்கள் நாவுக்குத் திடம் உண்டாகட்டும்.

அவள் படைக்கலன் ஒன்றே. கணவன் பிரகாசத்தின் தமையனார் சைகோனில் பிரெஞ்சுப் படைச் சொல்தாவாகத் துப்பாக்கி சுமந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியபோது கப்பலில் கூடவே கொண்டுவந்த வானொலிப் பெட்டி அது. தேக்குடலும் துணி மார்பும் கொண்டது. நெற்றியில் ஒற்றைப் பச்சைக் கண் பொருந்தியது. நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண் சுகத்தில் சுருங்கும், பிடிபடாவிட்டால் அகல விழிக்கும். அப்பெட்டகத்தின் வழியே ஞாயிறுதோறும் பதினொன்றரை மணிக்கு எழுந்தருளுவது 'பலகாரத் தட்டு' என்னும் பல்சுவை நிகழ்ச்சி. பாட்டும் பறவைக்குரலும், பொய்ச் சண்டையும் குட்டி நாடகமும், நேயர் கடிதமுமாக அரைமணி நேரம் நடந்து பன்னிரண்டுக்கு முடியும். முடிந்த மறுகணம் மாதா கோவிலில், முப்போதும் செபத்துக்கு அழைக்கும் திரிகால மணி அடிக்கும். இருதயமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவாள், முக்காடு இழுத்துக்கொண்டு செபம் சொல்வாள், அடுக்களைக்குப் போவாள். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான்.

நகராட்சிக் குமாஸ்தாவாகிய பிரகாசமோ, ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் இரும்புக் குண்டு உருட்டி ஆடும் நண்பர் குழாத்தில் சேர்ந்து ஒரு மணிக்குத்தான் வீடு திரும்புவார். சோற்றில் கைவைத்திருக்கும் அவரிடம் அவள் அன்றைய நகைச்சுவையைச் சொல்வாள். அவர் "ம்" என்பார். கெட்ட மனிதர் அல்லர். அவருடைய "ம்" கனிவான "ம்". ஆயினும் ஒருத்தி தன் நெஞ்சிலிருந்து எடுத்து இரு கையாலும் நீட்டிய ஒன்றை வாங்கி மூலையில் வைத்துவிடும் "ம்" அது. தனியாகச் சிரித்த சிரிப்பு பாதிதான் வெளியே வரும் என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். மீதிப் பாதி தொண்டைக்குக் கீழே எங்கோ தங்கி, நேரங்கெட்ட நேரத்தில் கிளம்பும்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பியது. கன்னியர் மடத்துப் பூத்தையல் கூடம் பேச்சொலி அடங்கிய இடம். நீண்ட மேசைகளின் இருபுறமும் பெண்கள் குனிந்து, பீடத்துணிகளில் திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் வெள்ளை நூலால் எழுப்பிக்கொண்டிருப்பார்கள். நூல் துணியை ஊடுருவும் ஓசை ஒன்றே அங்கு ஓசை. அந்த மௌனத்தின் நட்டநடுவே, ஒரு திராட்சைக் கனியின் பாதியில், இருதயமேரி திடீரென்று பெருங்குரலெடுத்துச் சிரித்தாள். நாற்பது ஊசிகள் நின்றன. மடத்துத் தாயார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அன்று மத்தியானம் உணவு வேளையில் அவளைச் சூழ்ந்த மூவரே இந்தக் காவியத்தின் எதிர்ப்படைத் தலைவியர்.

முதலாமவள் ரோசா, ஐம்பது கடந்தவள், மேசைத் தலைவி, பதினேழு ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் பல் தெரிய நின்றதில்லை என்று பேர் வாங்கியவள், இறுகப் பூட்டிய இரும்புப்பெட்டி போன்ற வாயினள். இரண்டாமவள் தேங்காய்த்திட்டிலிருந்து வரும் சொர்ணம். மீன் ஏலத்தில் கூவிக் கூவிக் கூர் ஏறிய குலத்தில் பிறந்தவள். யார் எதைச் சொன்னாலும் அதன் வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும் கேள்விக்கத்தியை நாவில் சொருகியவள். மூன்றாமவள் ரெட்டியார்பாளையத்துச் சின்னப்பாப்பா; இளையவள்; எதற்கும் தலையாட்டுபவள். போர்க்கலை அறிந்தோர் சொல்வர், மூவரில் இவளே கொடியவள். ரோசாவின் கோட்டைக்குக் கதவாவது உண்டு. தலையாட்டுகிறவளிடம் முட்டி மோதச் சுவரே இல்லை.

எதற்குச் சிரித்தாய் என்று அவர்கள் கேட்க, இருதயமேரி அந்தக் குட்டி நாடகத்தைச் சொல்லத் துணிந்தாள். ராமலிங்கம் என்று ஒருவர்; தன் சினேகிதர் சக்கரபாணி இறந்துபோனதாகக் கேள்விப்பட்டு இழவு கேட்கப் போகிறார்; கதவைத் தட்டுகிறார்; கதவைத் திறப்பதே சக்கரபாணிதான். இவ்வளவு சொல்வதற்குள் அவளுக்கே சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது.

சொர்ணம் கத்தியை உருவினாள். "செத்தவன் எப்பிடிக்கா கதவத் தொறப்பான்?"

"சாவலடி."

"சாவலன்னா இவன் ஏன் வந்தான்?"

"யாரோ தப்பா சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

அது நாடகத்தில் இல்லை. சின்னப்பாப்பா பாவம் பார்த்துத் தலையாட்டினாள். ரோசா சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, தீர்ப்பாகச் சொன்னாள்: "சாவ வச்சி சிரிக்கறது நல்லதில்ல, மேரி."

அன்று மாலை முதல் கூடத்தில் ஒரு சொல் உலவத் தொடங்கியது. எவரும் அவள் காதுபடச் சொல்லவில்லை. ஆனால் தனியே சிரிக்கும் பெண்ணைக் குறிக்க ஊரில் எந்தச் சொல் வழங்குமோ அந்தச் சொல்தான். கண்ணாடி முன் நின்று கூந்தலை வாரும்போது இருதயமேரி அதைத் தன் முகத்தில் தேடிப் பார்த்தாள். இருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, அடிபட்ட வேங்கை தன் குகைக்குள் எழுந்து நிற்பதுபோல, அவளுள் ஒரு வஞ்சினம் எழுந்தது. சொல்லிக் காட்டியதால் அல்லவா தோற்றோம்? அவர்களையே பெட்டிக்கு முன் கொண்டுவந்து உட்காரவைப்போம். அவர்கள் காதாலேயே கேட்கட்டும். கேட்டும் சிரிக்காவிட்டால் நான் கிறுக்குதான் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சபதம் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு செய்யப்பட்டது.

காலமும் கைகொடுத்தது. 'பலகாரத் தட்டு' தன் நூறாவது ஞாயிறை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்நாளில் இதுவரை வந்தவற்றுள் நேயர்கள் விரும்பிய சிறந்த கட்டங்களை மட்டும் தொகுத்து வழங்கப் போவதாகவும், விருப்பத்தை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம் என்றும் அறிவித்தார்கள். இருதயமேரி நான்கு அஞ்சலட்டைகள் வாங்கினாள். ஒன்று தன் பெயரில். ஒன்று பிரகாசத்தின் பெயரில். ஒன்று சைகோன் மைத்துனர் பெயரில். நான்காவது, இடக்கையால் கோணலாக எழுதியது, பிறவாத ஒருவர் பெயரில். நான்கும் ஒரே குரலில் 'இழவு கேட்க வந்தவர்' என்று முழங்கின. நான்கு கணைகளும் இலக்கை எய்தின. தொண்ணூற்றொன்பதாவது ஞாயிறன்று அறிவிப்பாளர், அடுத்த வாரம் சிறப்பு நிகழ்ச்சி கால்மணி நேரம் கூடுதலாக, பன்னிரண்டேகால் வரை நடக்கும் என்றும், எல்லாவற்றுக்கும் மகுடமாகக் கடைசியில் 'இழவு கேட்க வந்தவர்' இடம்பெறும் என்றும் சொன்னார். அவள் பெட்டியின் தேக்குத் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் மூவருக்கும் ஓலை போயிற்று. வாய்மொழி ஓலைதான்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வந்துவிட வேண்டும், மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில், கூடவே ஒன்று கேட்க வேண்டும். சின்னப்பாப்பா உடனே தலையாட்டினாள். சொர்ணம் என்ன குழம்பு என்று கேட்டு, வௌவால் மீன் என்று தெரிந்த பின் ஒப்பினாள். ரோசா நீண்ட நேரம் நூல் கோத்துவிட்டு, "சரி, உனக்காக வரேன்" என்றாள். அந்த "உனக்காக"வில் இருந்த இரக்கம் இருதயமேரியை முள்ளாகத் தைத்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

நூறாவது ஞாயிறும் புலர்ந்தது. கதிரவன் கடலிலிருந்து எழுந்தான், பூசை முடிந்தது, பிரகாசம் இரும்புக் குண்டுகள் அடங்கிய பையோடு வழக்கம்போல் நழுவினார். பதினொன்றேகாலுக்கு எதிர்ப்படை சந்துக்குள் நுழைந்தது. முன்னே ரோசா, ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சிப் புடவை மொடமொடக்க, செபமாலை இடக்கையில் சுற்றியிருக்க, நடுவே சின்னப்பாப்பா, பின்னே சொர்ணம், வரும் வழியில் எல்லா வீட்டுக்குள்ளும் ஒருமுறை பார்த்துக்கொண்டே. இருதயமேரி அவர்களைப் பெட்டிக்கு எதிரே பாயில் வரிசையாக அமர்த்தி, தான் பெட்டியருகே முக்காலியில் ஏறினாள். குமிழ் திரும்பிற்று. பெட்டிக்குள் வால்வுகள் மெல்ல மெல்லச் செந்தணல் பூண்டன. பச்சைக் கண் விழித்தது, மிரண்டது, பிறகு சுருங்கியது. தட்டில் கரண்டி மோதும் அந்தப் பழகிய முகப்பு இசை ஒலித்தபோது இருதயமேரியின் நெஞ்சு, கொம்பூதக் கேட்ட குதிரை போல் முன்னங்கால் தூக்கியது.

முதற்போர். பஸ் கண்டக்டர் ஒருவர் தம் குழந்தையைத் தாலாட்டித் தூங்கவைக்கும் கட்டம். கண்டக்டர் பாடத் தொடங்கியதுமே இருதயமேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர்கள் அந்த நுட்பத்தைத் தவறவிட்டால்? "இப்ப பாருங்க, கொழந்தைய உள்ள தள்ளிப் போன்னு சொல்லுவாரு," என்றாள். அவர் அப்படியே சொன்னார். சின்னப்பாப்பா, தகவல் சரியாக இருந்ததற்காகத் தலையாட்டினாள். "இப்ப தொட்டில்ல எடமில்ல, அடுத்த தொட்டில்ல வான்னு சொல்லுவாரு." அதையும் அவர் சொன்னார். வானொலி நிலையத்தில் கூடியிருந்த கூட்டம் வெடித்துச் சிரித்தது. பாயிலிருந்த மூவரும் அந்தச் சிரிப்பை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் போர். நாதஸ்வரத்தில் ரயில்வண்டி புறப்படும் ஒலி. "இப்ப வேகம் எடுக்கும்," என்றாள் இருதயமேரி. வேகம் எடுத்தது. "இப்ப பாலத்து மேல." பாலத்தின் மேல் போயிற்று. ரோசா ஒரு விரலைத் தூக்கினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்டாள். மூன்றாவதாக ஒரு ஜோசியர் தம் கையைத் தாமே பார்த்துக்கொண்டு தமக்குத் தாமே தட்சணை கேட்டுச் சண்டையிடும் கட்டம். அதற்கு முன், இக்கட்டங்களை விரும்பியோர் பட்டியலை அறிவிப்பாளர் வாசித்தார். திருநெல்வேலி, தஞ்சாவூர், கோலார் தங்கவயல் எல்லாம் கடந்து, "புதுச்சேரி இருதயமேரி" என்று, நாடெங்கும் வானம் முழுதும், ஒலித்தது. அந்த நொடியில்தான் சொர்ணம், "ஏங்க்கா, பொட்டி இப்பிடி சூடாவுதே, வெடிக்காதா?" என்று கேட்டாள். பெயர் காற்றில் கரைந்துபோயிற்று. பெட்டியை ஒரு நாளும் வெடிக்க விட்டதில்லை என்று இருதயமேரி பதில் சொன்னாள்.

வில்லும் அம்பும் பேசும் போர்களை விரித்துரைப்பது எளிது. மனத்துக்குள் நடந்ததைச் சொல்வதே அரிது. பதினொன்று ஐம்பது அளவில் அவளுக்கு நேர்ந்தது இதுதான். அவள் பெட்டியைக் கேட்பதை விட்டுவிட்டு முகங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரோசாவின் உதட்டோரம், சொர்ணத்தின் புருவம், சின்னப்பாப்பாவின் அசையும் தலை என்று மாறி மாறிக் கண்ணோட, ஒவ்வொரு சொல்லும் முதலில் அவர்கள் காதில் விழுந்து, அங்கே குளிர்ந்து, பிறகுதான் அவளிடம் வந்தது. ஜோசியர் தம் கையையே உதறிவிட்டு எழும் இடத்தில், சென்ற ஆண்டு அவள் தரையில் புரண்டிருக்கிறாள். இன்று அதைக் கேட்டபோது, யாரோ ஒருவர் யாரோ ஒருவர்போல் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இது சிரிப்புக்குரியதா? இரண்டு ஆண்டு நான் எதைக் கேட்டுச் சிரித்தேன்? ஞாயிறுதோறும் இந்த அரைமணியை வாரம் முழுவதும் கையிடுக்கில் சூடாக வைத்துக்கொண்டு நடந்தேனே, அது என்ன? நண்பர்கள் சிரிக்காமல் போவதை அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தன் சிரிப்பையே அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. கோட்டையை முற்றுகையிடப் போன வேந்தன் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் தன் ஊர் இருந்த இடமே வெறிச்சென்று கிடந்ததைக் கண்டாற்போல இருந்தது.

இனி மிஞ்சியது மகுடம் ஒன்றே. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமி, நேயர்களில் மிகப் பலர் விரும்பிக் கேட்ட கட்டம் என்றார். இருதயமேரி முக்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். பெட்டிக்குள் கதவு தட்டும் ஓசை கேட்டது. டக், டக், டக்.

டாங், என்றது மாதா கோவில் மணி.

கணக்கில் வல்ல அந்தத் தலைவி, குழம்புக்கு மீன் முதல் பெட்டிக்குக் குமிழ் வரை யாவும் எண்ணிவைத்தவள், தொண்ணூற்றொன்பது ஞாயிறும் தன் நிகழ்ச்சி முடிந்த பிறகே அடித்துப் பழகிய மணி இன்று அதன் நடுவில் அடிக்கும் என்பதை மட்டும் எண்ணவில்லை. அவளுக்கு அந்த மணி நிகழ்ச்சியின் கடைசி இசையாகவே ஆகிவிட்டிருந்தது. இப்போது அது மும்முறை அடித்து நின்று மும்முறை அடிக்க, சிறுபிள்ளைப் பருவம் முதல் அந்த ஒலிக்கு எழுந்து பழகிய அவள் கால்கள், அவளைக் கேளாமலே எழுந்தன. ரோசா ஏற்கெனவே எழுந்து முக்காட்டை நெற்றிவரை இழுத்திருந்தாள். சின்னப்பாப்பாவும் இழுத்தாள். சொர்ணம் வேறு கோயிலுக்குப் போகிறவள். ஆனால் நாலு பேர் சாமி கும்பிடும் இடத்தில் உட்கார்ந்திருப்பது மரியாதையல்ல என்று அவளும் எழுந்து, தன் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

ரோசா கண்ணை மூடுமுன் பெட்டியைக் காட்டி ஒரு சைகை செய்தாள். அணை என்பது அதன் பொருள்.

இருதயமேரியின் வலக்கரம் குமிழின் மேல் படிந்தது. ஒருபுறம் விண்ணகம், மறுபுறம் சபதம் செய்த நாள் முதல் காத்திருந்த கால்மணி நேரம். இவ்விரண்டுக்கும் இடையே இரண்டு விரல்கள். ஆதியில் ஒளியையும் இருளையும் பிரித்த காலந்தொட்டு இத்தகைய தராசு எந்தப் பெண் கையிலும் கொடுக்கப்பட்டதில்லை. அவள் குமிழை இடப்பக்கம் திருகினாள். ஒலி தேய்ந்தது, மேலும் தேய்ந்தது. அணையும் 'டிக்' கேட்க ஒரு மயிரிழை இருக்கையில் விரல்கள் நின்றன. அவள் கையை எடுத்துக் கூப்பிக்கொண்டாள். பெட்டி இப்போது ஊமைபோல் இருந்தது, ஆனால் ஊமையல்ல. எறும்பு பேசினால் கேட்கும் அளவில் அதற்குள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரோசா திரிகால செபத்தைத் தொடங்கினாள். தேவதூதனாகிய சம்மனசு மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்னதைச் சொன்னாள். மாதாவை வாழ்த்தி மும்முறை சொல்லும் பிரியதத்த மந்திரத்தின் முற்பாதியை அவள் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் சொல்லவேண்டும். சொர்ணத்துக்கு அது தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றாள். இருதயமேரிக்கோ வாய் முழுக்க மந்திரம். 'இப்ப பாருங்க' என்று சொல்ல அதில் இடமில்லை. முகங்களைப் படிக்கவும் வழியில்லை. மூன்று முகமும் முக்காட்டுக்குள். தோற்றாகிவிட்டது என்று தெரிந்தவர்களுக்கு வரும் ஒரு நிம்மதியோடு, பாவிகளாகிய தங்களுக்காக, இப்போதும் தங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்படி அவள் மன்றாடி முடித்தாள்.

ரோசா மூச்சு வாங்கிய அந்தச் சிறு இடைவெளியில் பெட்டியிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"எத்தனை மணிக்குன்னு சொன்னாங்க?"

"காலையில ஆறேகாலுக்குன்னு சொன்னாங்களே."

"ஆறேகாலுக்கு நான் பல் தேச்சிக்கிட்டு இருந்தேனே, ராமலிங்கம்."

ரோசா இரண்டாம் மந்திரத்தை எடுத்தாள். குரலில் பிசிறில்லை. ஆனால் வழக்கத்தைவிடச் சற்று வேகமாக எடுத்தாள். சின்னப்பாப்பாவின் தலை, இத்தனை நாள் ஆடியே பழகிய அந்தத் தலை, வாழ்க்கையில் முதன்முறையாக ஆடாமல் நின்றது. அதற்குப் பதில் அவள் தோள்கள் ஆடின. மீண்டும் பிற்பாதி. மீண்டும் மரண நேரம். மீண்டும் இடைவெளி.

"அது இருக்கட்டும் சக்கரபாணி, மூணு பஸ் மாறி வந்திருக்கேன். சொல்ல வந்ததைச் சொல்லிட்டே போயிடறேன். எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

"ஆமாம்," என்றது மற்றக் குரல், அழுகையில் தழுதழுத்து. "நானே சொல்லக்கூடாது. ரொம்ப நல்லவன்."

சொர்ணத்தின் பக்கமிருந்து, நீரில் மூழ்கியவர் மேலே வந்து காற்றை இழுப்பது போன்ற ஓர் ஓசை எழுந்தது. அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். செத்தவன் எப்படிக் கதவைத் திறப்பான் என்று அவள் கேட்கவில்லை. இருதயமேரி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் கலைந்துவிடும் எனப் பயந்தாள். அவள் முதுகுத்தண்டு முழுதும் காதாயிற்று.

கோட்டை இன்னும் நின்றது. ரோசா மூன்றாம் மந்திரத்தைத் தொடங்கினாள். இப்போது அந்தக் குரல் அரைச் சுதி மேலே ஏறி, கயிற்றில் நடப்பவளைப் போல் ஒவ்வொரு சொல்லிலும் கால் ஊன்றி ஊன்றிப் போயிற்று. பதினேழு ஆண்டுக் கட்டுப்பாடும் அந்தக் கயிற்றில் அவளுக்குத் துணை நின்றது. முற்பாதி முடிந்தது. பிற்பாதியைச் சொல்ல இப்போது இருதயமேரி ஒருத்தியே மிஞ்சினாள். அவளும் மரண நேரம் என்ற சொல்லருகே வந்து, அதைத் தாண்டத் தயங்கி, தாண்டினாள்.

"சரி, எப்போ எடுக்கிறாங்க?" என்றது பெட்டி.

"எனக்குத் தகவல் இல்லியே. இருங்க, உள்ள கேட்டுட்டு வரேன்."

இரும்புப்பெட்டி திறந்தது. முதலில் ரோசாவின் மூக்கிலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. அதை அவள் இருமலாக மாற்ற முயன்றாள். இருமல் பாதியில் உடைந்து, உள்ளே பதினேழு ஆண்டுகளாக மடித்து மடித்து அடுக்கி வைத்திருந்த எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து வெளியே விழுந்தது. கரையுடைத்த ஏரியும் அப்படி வராது. தேர்ச்சங்கிலி அறுந்தாலும் அவ்வளவு ஓசை எழாது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் போதாமல் சின்னப்பாப்பாவைப் பிடித்தாள். சின்னப்பாப்பா பிடிக்கத் தகுந்த நிலையில் இல்லை. சொர்ணம் வாயிலிருந்த தலைப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாயில் உட்கார்ந்து தொடையில் அறைந்துகொண்டாள். இவர்கள் நடுவே, முக்காடு சரிந்து, கூப்பிய கை கூப்பியபடியே, இருதயமேரி நின்றாள். அவள் தொண்டைக்குக் கீழே தங்கியிருந்த பாதிச் சிரிப்புகள் எல்லாம் எழுந்து வந்தபோது அவளுக்கு அழுகையும் கூடவே வந்தது. எது எது என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை.

பெட்டியில் என்ன நடந்ததென்று அதற்குப் பிறகு எவரும் கேட்கவில்லை. கரண்டி மோதும் இசையோடு 'பலகாரத் தட்டு' தானே முடிந்துகொண்டது.

பாதியில் விட்ட செபத்தை அப்படியே விடலாகாது என்று ரோசா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு ஆணையிட்டாள். மொதல்லருந்து சொல்லணும், ஒருத்தியும் ஒருத்தி மூஞ்சியைப் பார்க்கக் கூடாது. பெட்டி அணைக்கப்பட்டது. மறுபடி தொடங்கினார்கள். முதல் மந்திரத்தின் மரண நேரத்தில், பெட்டியே பேசாமலிருந்தும், நால்வருக்கும் அந்த இடைவெளி கேட்டது, மறுபடி உடைந்தார்கள். மூன்றாம் முறை ரோசா படைகளைப் பிரித்தாள். தான் வாசற்பக்கச் சுவரைப் பார்த்தும், சின்னப்பாப்பா கொடிக்கயிற்றுச் சுவரைப் பார்த்தும், இருதயமேரி மாதா படத்தைப் பார்த்தும் தனித்தனியே, மனசுக்குள், சத்தமில்லாமல் சொல்லவேண்டும். சொர்ணம் சும்மா இருந்தால் போதும். மூன்று சுவர்களை நோக்கி மூன்று பெண்கள் முதுகு காட்டி நின்றார்கள். ஒரு நிமிடம் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு வாசற்பக்கச் சுவரைப் பார்த்தபடியே, திரும்பாமல், தாழ்ந்த குரலில் ரோசா கேட்டாள்:

"மேரி. உள்ள போயி கேட்டாரே, பொண்டாட்டி என்னா சொன்னா?"

இருதயமேரி மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சாயந்தரம் ஆவும், அதுக்குள்ள கடைக்குப் போயி பால் வாங்கியாந்துடுங்கன்னு சொன்னாளாம்."

சொல்லிக் காட்டியதுதான். முன்கூட்டியே எச்சரிக்கவில்லை, விளக்கவில்லை, குரலைக்கூட மாற்றவில்லை. மூன்று திசைகளிலிருந்தும் வெடித்தது சிரிப்பு. பாயிலிருந்த சொர்ணம், "வாங்கியாந்தாரா?" என்று கேட்டாள், எதையும் கிழித்துப் பார்க்க அல்ல, மேலும் வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். வாங்கி வந்தார் என்று இருதயமேரி சொன்னாள். அது நாடகத்தில் இல்லை. ராமலிங்கம்தான் காசு கொடுத்தார் என்றும் சொன்னாள்; அதுவும் இல்லை.

அந்நண்பகலில், மூன்று கோட்டைகளின் மேலும் தன் கொடி பறக்க, தன் சிரிப்பைத் திரும்பப் பெற்றதோடு எதிரிகளின் சிரிப்பையும் திறையாகக் கொண்டு, கிறுக்கென்னும் பழிச்சொல்லைக் கடல்வரை துரத்தியடித்து, பச்சைக் கண் மூடித் துயிலும் தேக்குப் பெட்டகத்தின் பக்கத்தில் முக்காலியே அரியணையாக, கலைந்த கூந்தலே மணிமுடியாக, நனைந்த கன்னங்களே வெற்றித் திலகமாக வீற்றிருந்த இருதயமேரியின் புகழ், தேங்காய்த்திட்டின் படகுத்துறை முதல் ரெட்டியார்பாளையத்துச் சாலைவரை, பூத்தையல் கூடத்து நாற்பது ஊசிகளின் முனைவரை, அவ்வூசிகள் துளைக்கும் துணியின் மறுபுறம்வரை பரவி நிலைபெறுவதாக.

அடுப்பில் சோறு குழைந்துபோயிருந்தது.